வாசலில் வைத்த தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை
மிசௌரி ஆற்றங்கரை

அன்புள்ள தம்பி நெல்ஸுக்கு,

அக்கா இங்க்ரிட் எழுதுவது. நீயும் பெத்தனியும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

நீ உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்துப் பதினாறு மாதம் ஆகிறது. தபால்காரரைத் தடுக்க வழியில்லை என்பதால் கடிதம். பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே. பெத்தனியாவது படிக்கட்டும்.

இந்த வருடம் சைக்கிள் பயணத்தில் நானும் சேர்ந்திருக்கிறேன். ஏழு நாள், நானூற்று முப்பது மைல், மாநிலத்தின் மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லை வரை. பதினைந்தாயிரம் பேர் என்கிறார்கள். இன்று விடியலில் எல்லோரையும் போல நானும் வரிசையில் நின்று பின் சக்கரத்தை மிசௌரியில் நனைத்தேன். சனிக்கிழமை முன் சக்கரத்தை மிசிசிப்பியில் நனைத்தால் முடிந்தது.

நான் ஏன் வந்தேன் என்று நீ சந்தேகப்படுவாய். படு. ஜனவரியில் பாதையை அறிவித்தபோது வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, நம் வீட்டு வாசல் வழியாகவே போகிறது. அதோடு உங்கள் ஊர்க் கமிட்டி போட்ட பட்டியலையும் பார்த்தேன். சர்ச்சில் பழ அப்பம், தீயணைப்பு நிலையத்தில் பன்றி இறைச்சி, ஹால்வர்சன் வீட்டில் தண்ணீர். ஹால்வர்சன் என்றால் நீதான்.

உனக்கு ஒன்பது வயதில் இதே பயணம் நம் வாசலில் போனது. அம்மா நம் இருவரையும் சாலையோரம் நிறுத்தினாள். ரப்பர் குழாயைப் பிடிக்க நமக்குள் சண்டை வந்தது. நீதான் ஜெயித்தாய். போகிற வருகிறவர்கள் பாட்டிலிலெல்லாம் தண்ணீர் நிரப்பினாய், பாதிப் பேர் தலையிலும் ஊற்றினாய்.

என் பையில் ஐம்பது சோதனைப் பட்டைகள் இருக்கின்றன. தண்ணீரில் ஒரு விநாடி நனைத்து எடுத்து, ஒரு நிமிடம் காத்திருந்தால், நைட்ரேட் இருந்தால் நுனி இளஞ்சிவப்பாகும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு நைட்ரேட். பத்துக்கு மேல் போனால் குடிக்கக்கூடாது. நகரத்துத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் என் வேலையே இதுதான் என்று உனக்குத் தெரியும். நீங்கள் உரமாகவும் பன்றிக் கழிவாகவும் வயலில் விடுவதை நாங்கள் ஆற்றிலிருந்து வடிகட்டுகிறோம்.

வழியில் எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்தாலும் சோதிக்கப்போகிறேன். வியாழக்கிழமை உன் குழாயிலும்.

அம்மாவுக்கு வந்த நோய் அந்தக் கிணற்றால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. சவ அடக்கத்தன்றும் அப்படிச் சொல்லவில்லை. கிணற்றைச் சோதித்துப் பார் என்றுதான் சொன்னேன். நீதான் எல்லோர் முன்னாலும், "ஊரை விட்டுப் போனவளுக்கு எங்க தண்ணியப் பத்தி என்ன பேச்சு?" என்றாய்.

அக்டோபரில் உன் குழந்தை பிறக்கப்போகிறது. அதை எனக்கு நீ சொல்லவில்லை, உங்கள் சர்ச் செய்தித்தாள் சொன்னது. அதனால் மறுபடியும் கேட்கிறேன். கிணற்றைச் சோதித்தாயா?

அன்புடன்,
அக்கா


செவ்வாய்க்கிழமை பிற்பகல்

அன்புள்ள நெல்ஸ்,

இந்த ஊர்த் தபால் நிலையம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் திறந்திருக்கும். பள்ளிக்கூடத்தை மூடியாகிவிட்டது, மளிகைக்கடையும் மூடிக்கிடக்கிறது. ஆனால் இன்று ஒரு நாள் மட்டும் தெருவெங்கும் தோரணம், பாட்டு, பீர். நாளைக் காலை பத்து மணிக்கு நாங்கள் போன பிறகு யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தோரணம் கட்டியவர்களில் அறுபது வயதுக்குக் கீழே நான்கு பேரைத்தான் கண்டேன்.

வெயில் தொண்ணூற்றாறு டிகிரி. எதிர்க்காற்று. இரண்டு பக்கமும் சோளம், சோளம் முடிந்தால் சோயா, சோயா முடிந்தால் மறுபடியும் சோளம். காற்று திரும்பும்போதெல்லாம் பன்றிக் கொட்டகை நாற்றம். நகரத்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மிதிக்கிறார்கள், அடுத்த திருப்பத்தில் அதே பன்றியை இரண்டு அங்குலத் துண்டாக வாங்கித் தின்கிறார்கள். நானும் தின்றேன். நன்றாக இருந்தது. உண்மையை எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இதுவரை பதினெட்டுக் குழாய். பாதிக்கு மேல் நல்ல தண்ணீர், ஆழமான கிணறுகள். சிலது ஐந்து, சிலது எட்டு. நான்கு வீட்டில் பத்தைத் தாண்டியது. அந்த நான்கு வீட்டிலும் சொன்னேன். இரண்டு வீட்டில் நன்றி என்றார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். நான்காவது வீட்டில் நடந்ததைக் கேள்.

எழுபது வயது அம்மாள், பெயர் வெர்னா. மேப்பிள் மரத்தடியில் குழாய், ஒரு வாளி நிறைய வெள்ளரிக்காய், "இலவசம்" என்று கையால் எழுதிய பலகை. என்னைப் பார்த்ததும், "வா கண்ணு, மொதல்ல குடி, அப்புறம் மூச்சு வாங்கு" என்றார். நான் பாட்டிலை நிரப்பி, ஓரமாகப் போய் பட்டையை நனைத்தேன். பார்த்துவிட்டார்.

"என்ன பண்ற?"

சொன்னேன். பதினாறு காட்டுகிறது என்றும் சொன்னேன்.

"நீ கவர்ன்மென்ட் ஆளா?"

இல்லை என்றேன்.

"அப்ப யாரு அனுப்பினா? ஐம்பது வருஷமா நான் குடிக்கறேன், நாலு புள்ள பெத்திருக்கேன். உன்ன மாதிரி நோஞ்சான் ஒண்ணுகூட இல்ல" என்று சொல்லிக் குழாயை என் கைக்கு எட்டாமல் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நான் சைக்கிளில் ஏறும்போது அவர் கூப்பிட்டு இரண்டு வெள்ளரிக்காயைக் கையில் திணித்தார். "இத டெஸ்ட் பண்ணாத, தின்னு" என்றார்.

கோபப்படக்கூட விடமாட்டார்கள் நம் ஊர்க்காரர்கள்.

சற்று முன் கூடாரத்துக்கு ஊர்க் கமிட்டி ஆள் ஒருவர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மிக மரியாதையாகப் பேசினார். "மேடம், வர்ற வருஷமும் இந்தப் பாதை எங்க ஊர் வழியா வரணும்னு நாங்க ஆசைப்படறோம். அந்தப் பட்டையெல்லாம் பைக்குள்ளயே இருந்தா எல்லாருக்கும் நல்லது." அவருடைய சட்டைப் பையில் பன்றிக் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. இன்றைய இறைச்சி அவர்கள் செலவாம்.

எங்கள் குழுவின் தலைவர் க்ளென். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் மூட்டைகளை ஏற்றி வரும் நீலப் பழைய பேருந்து அவருடையதுதான். அவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். "இங்க்ரிட், தண்ணி குடுக்கற கையச் சந்தேகப்பட்டா, அப்புறம் இந்த உலகத்துல யார்கிட்ட வாங்கிக் குடிப்ப?" என்றார். கை நல்ல கைதான். நான் சந்தேகப்படுவது அந்தக் கையின் பின்னால் மண்ணுக்கடியில் இருப்பதை. ஆனால் வெர்னா அம்மாளிடம் அதை எப்படிச் சொல்வது?

உன்னிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியாததால்தான் பதினாறு மாதம் போயிற்று. நீ வளர்க்கும் பன்றி, கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது. லாரியும் கம்பெனியுடையது. கொட்டகையும் நாற்றமும் கழிவும் மட்டும் உன்னுடையது. அப்பா விட்டுப்போன நிலத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று நீ சொன்னாய். இல்லைதான். அதை நான் அன்றே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். அது என் தப்பு.

நாளை மறுநாள் வருகிறேன். குழாயை நீயே பிடி. என் தலையில் ஊற்று. சண்டைக்கு வரவில்லை.

உன் அக்கா


வியாழக்கிழமை

நெல்ஸ்,

சர்ச் அடித்தளத்தில், பழ அப்பம் வைத்த மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீட்டிலிருந்து பதினோரு மைல் தள்ளி.

காலை ஒன்பதே முக்காலுக்கு நம் மேட்டை ஏறினேன். தபால் பெட்டி தெரிந்ததும் ஒரு பட்டையை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மேட்டிலிருந்தே பார்த்தேன், உன் வாசலில் மட்டும் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். மற்ற வீடுகளில் இருபது முப்பதுதான். க்ளென் எனக்கு முன்பே போய்விட்டார். கையில் எதையோ உயரத் தூக்கிக்காட்டிக் கத்தினார். "உன் தம்பி பெரிய மனுசன்ப்பா! வழி நெடுக வெயில்ல காஞ்ச தண்ணிய வெதுவெதுன்னு குடிச்சோம். இவன் ஐஸ்ல போட்டு வச்சிருக்கான்."

கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்கள். மூடி உடைக்காதவை. மூன்று பெரிய தொட்டி நிறைய ஐஸ், அதில் நூற்றுக்கணக்கில் பாட்டில். மேசைக்குப் பின்னால் பெத்தனி, வயிற்றை மேசையில் முட்டாமல் தள்ளி நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாளில் நான் கடந்துவந்த எந்தப் பண்ணை வீட்டிலும் பாட்டில் தண்ணீர் வைக்கவில்லை, நெல்ஸ். எல்லா வாசலிலும் குழாய். நம் வாசலிலும் என்றைக்கும் குழாய்தான். எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். என் கையில் இருந்த பட்டை வேர்வையில் நனைந்துபோயிருந்தது. நனைக்கத் தேவையில்லாமல் போயிற்று.

பெத்தனியிடம் குழாய் எங்கே என்று கேட்டேன்.

"பம்ப் ரிப்பேர் அக்கா" என்றாள்.

அவளுக்குப் பின்னால் புல்வெளியில் நீர்த் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அடுத்த ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தாள். அதற்கடுத்த ஆளுக்கும் கொடுத்தாள். பிறகு ஐஸுக்குள் கையை விட்டுத் தேடுவது போலக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"மார்ச்ல கம்பெனி ஆள் வந்து பன்னிக்குப் போற தண்ணிய டெஸ்ட் பண்ணாரு. முப்பத்தொண்ணுன்னாரு. பன்னிக்கு அது ஒண்ணும் செய்யாதாம். வெளிய பேசவேண்டாம், வீணா பீதி கெளம்பும்னுட்டுப் போயிட்டாரு. அன்னிலேருந்து எனக்கு இவர் கடைலேருந்து தூக்கிட்டு வந்து தர்றாரு. பல்லு தேய்க்கக்கூட இதான்."

குழந்தை பிறந்ததாக உங்கள் சர்ச் செய்தித்தாளில் படித்த அந்தக் கீழ் வீட்டு ஷெல்பிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு, "நான்தான் சொன்னேன்னு அவர்கிட்ட எழுதுங்க அக்கா. எனக்கு நேர்ல கேக்க வாய் வரல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பின்னால் நின்ற ஒருவன், "ஏம்மா, தண்ணி இருக்கா தீந்துடுச்சா?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தாள்.

ஆக, கம்பெனி பன்றிக்காகச் சோதித்தது. நீ உன் மனைவிக்காகப் பாட்டில் வாங்கினாய். இரண்டாவது கொட்டகைக் கதவுக்குப் பின்னால் உன் பச்சைத் தொப்பி தெரிந்தது. நான் கையை ஆட்டினேன். தொப்பி உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சட்டையின் பின்பையில் நான்கு பாட்டிலைச் செருகிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினேன். அரை மைல் கீழே ஷெல்பி வீடு. அவள் வாசலில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையில் குழாய், இடுப்பில் மூன்று மாதக் குழந்தை. வில்லா என்று பெயராம். கன்னம் இரண்டும் பன் ரொட்டி போல இருக்கிறது. நான் என்னை யார் என்று சொல்வதற்குள், "உங்கள எனக்குத் தெரியாதா? நெல்ஸோட அக்காதான? மூக்கு ஒண்ணுபோல இருக்கு" என்று சிரித்தாள்.

நான் அவள் கண் முன்னாலேயே பட்டையை நனைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நுனி பீட்ரூட் நிறத்துக்குப் போய்விட்டது. குழந்தைக்கு என்ன பால் என்று கேட்டேன். டப்பாப் பால் என்றாள். எந்தத் தண்ணீரில் கலக்கிறாய் என்றேன்.

"இதுலதான். ஆனா நான் ஒண்ணும் வெவரம் கெட்டவ இல்லக்கா. பத்து நிமிஷம் நல்லாக் கொதிக்க வச்சுதான் கலக்கறேன்."

நெல்ஸ், கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போய், மிச்சத்தில் நைட்ரேட் இன்னும் கெட்டியாகும். அந்தப் பெண் அக்கறையாக, வேளை தவறாமல், அந்தக் குழந்தைக்கு அதைக் கெட்டியாக்கிக் கொடுக்கிறாள்.

அதையே அவளிடம் சொன்னேன். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இது ரத்தத்தில் மூச்சை அடைக்கும், உதடு நீலமாகும் என்றேன். நான்கு பாட்டிலையும் கொடுத்தேன். அவள் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "தண்ணி குடுக்கறவளுக்கே தண்ணி குடுக்கறீங்களே!"

பிறகு சிரிப்பு நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நெல்ஸ் வீட்டுக் கெணறும் எங்க கெணறும் ஒரே பாறைக்குள்ளதான் இருக்கு. அப்படி ஏதாவது இருந்தா நெல்ஸ் சொல்லியிருக்க மாட்டாரா? அவர் வீட்லயும்தான புள்ள வரப்போகுது? வில்லா பொறந்தப்ப ரெண்டு பேரும் சாப்பாடு செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க. என் வீட்டுக்காரர் உங்க தம்பிகிட்டதான் வேல பாக்கறாரு. உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். அந்தச் சண்டைய என் வாசல்ல வந்து போடாதீங்க அக்கா."

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மேலே திரும்பிப் பார், உன் வீட்டுக்காரரின் முதலாளி ஊருக்கு எந்தத் தண்ணீரைக் கொடுக்கிறான் என்று பார், என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் வந்தது சரியா என்று இப்போது தெரியவில்லை. குழந்தையின் உதட்டைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. வெயிலில் எனக்குச் சரியாகத் தெரிந்ததா என்று பதினோரு மைலும் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன்.

இப்போதே கடிதத்தை மூடுகிறேன். ஊர்த் தபால் வண்டி போகப்போகிறது.

இங்க்ரிட்


சனிக்கிழமை
மிசிசிப்பிக் கரை

அன்புள்ள தம்பி நெல்ஸ்,

முந்தைய கடிதத்தில் வாழ்த்துச் சொல்லாமல் தொடங்கி, அன்பு சொல்லாமல் முடித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

முன் சக்கரத்தை நனைத்தாயிற்று. க்ளென் பேருந்தின் கூரையில் ஏறி நின்று அழுதார், எழுபது வயதில் இதுதான் கடைசி என்று. போன வருடமும் இதையே சொன்னாராம். என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பட்டைய இந்தா இதுல நனைச்சுப் பாரு" என்று ஆற்றைக் காட்டினார். நேற்று முன்தினம் நடந்ததெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் நனைக்கவில்லை. நம் எல்லோருடைய வயலும் அதற்குள்தான் வடிகிறது. அதைச் சோதித்து யாரிடம் போய்ச் சொல்வது?

உங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு நேற்றே போன் செய்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். சொந்தக் கிணறு என்பதால் வீட்டுக்காரர் கேட்டால்தான் வந்து சோதிக்க முடியும், கேட்டால் இலவசமாகவே செய்வோம் என்றாள். ஷெல்பி கேட்கவேண்டும். ஷெல்பி என்னை நம்பமாட்டாள். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் முறை, "நெல்ஸ்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். இரண்டாம் முறை எடுக்கவில்லை.

அவள் உன்னிடம் கேட்டாளா? நீ என்ன சொன்னாய்? இரண்டு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ பொய் சொல்லியிருப்பாய் என்று ஒரு மைல் மிதிப்பேன். சொல்லியிருக்க மாட்டாய் என்று அடுத்த மைல்.

கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துவிடும் என்று பயப்படுகிறாய். முறிக்கலாம். மேட்டிலிருந்து வடிவது உன் கொட்டகைக் கழிவு என்று ஊர் பேசும். பேசலாம். சுற்றிலும் எல்லோரும்தான் வயலில் கொட்டுகிறார்கள், உன்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் வரமாட்டேன். நிறுத்தினால் பக்கத்தில் நானும் நிற்பேன். அந்த நிலத்தில் விளைந்ததைத் தின்றுதான் நானும் படித்தேன். ஆனால் மார்ச்சில் உனக்குத் தெரியும். ஏப்ரலில் அந்தக் குழந்தை பிறந்தது. மூடிய பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் சமையலறை வரை போயிருக்கிறாய். அடுப்பில் அந்தத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்திருக்கும். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் குழாயையே வைத்திருப்பாய். முகம் தெரியாத பதினைந்தாயிரம் பேருக்கு உன் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை. அந்த மனத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஷெல்பி என் பட்டையை நம்பமாட்டாள். மாவட்ட அலுவலக ஆளையும் நம்பமாட்டாள். நீ சொன்னால் நம்புவாள். போகும்போது மிச்சமிருக்கும் பாட்டில் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போ. இல்லை, வண்டி வேண்டாம். வண்டியில் போனால் வாசலோடு திரும்பிவிடுவாய். ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே போ. நான் நானூற்று முப்பது மைல் மிதித்துவிட்டேன். உனக்கு இருப்பது அரை மைல், அதுவும் இறக்கம்.

திங்கட்கிழமை இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டிருக்கிறேன். அன்று நான் ஷெல்பி வீட்டுக்கு வருவேன். அப்போது அவளுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தால், குழந்தையைக் கொஞ்சிவிட்டு, உன் வீட்டுக்கு வந்து பெத்தனி கையால் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன். தெரியாமல் இருந்தால் எல்லாவற்றையும் நானே சொல்வேன், பாட்டில் கதை உட்பட. அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுவிடாதே.

மிச்சமிருக்கும் பட்டையில் ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். உனக்குத் தேவையில்லை. ஷெல்பி கேட்டால் அவள் கண் முன்னால் நனைத்துக்காட்ட.

பெத்தனியைக் கேட்டதாகச் சொல். வில்லாவும், வரப்போகும் உன் குழந்தையும் ஒரே பள்ளிப் பேருந்தில் ஏறி, ஒரே இருக்கைக்குச் சண்டை போட்டு, நூறு வயது வாழட்டும்.

போய்ச் சொல், தம்பி.

உன் அக்கா
இங்க்ரிட்